கிளட்ச் வைத்த வண்டி

பயிற்சிப் பள்ளியில் அவளைப் பிரேக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சமிருந்தது. பயிற்சி வண்டியில் ஓட்டப் பழகுகிறவருக்கு ஒரு ஜோடி, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவருக்கு ஒரு ஜோடி என்று கிளட்சும் பிரேக்கும் இரண்டிரண்டு இருக்கும். இருபது வருஷத்துக்கும் மேலாக அந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் செய்கிற தப்புக்கெல்லாம் தன் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். கையில் ஸ்டீயரிங் கிடையாது, காலடியில் ஆக்சிலேட்டர் கிடையாது. வண்டியை நிறுத்தலாம், போகவைக்க முடியாது. இப்படியும் ஒரு வேலையா என்று கேட்காதீர்கள், அதற்கும் சம்பளம் கொடுத்தார்கள்.

கோபக்காரி என்றும் சொல்வார்கள். அதில் பொய் இல்லை. உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிற ஒருவர் கியரைப் பிடித்து முரட்டுத்தனமாக உலுக்கியபோது, "சார், அது கியர். நீங்க தூக்குற இரும்பு இல்ல. ரெண்டு விரல் போதும்," என்று நடுச்சாலையில் போட்டு உடைத்தவள். அவர் மறுநாள் வரமாட்டார் என்று பள்ளியில் பேசிக்கொண்டார்கள். வந்தார். அவளிடம் திட்டு வாங்கினால் லைசென்ஸ் நிச்சயம் என்பது ஊரறிந்த சங்கதி.

வெளியில் இப்படி நெருப்பாக இருந்தவள் வீட்டில் எப்படி இருந்தாள் என்று கேட்டால், எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

கணவர் காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. கல்யாணமான புதிதில் அவருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்க, பயிற்சி வண்டியில் அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது காலை மெதுவாக எடுக்க வேண்டும் என்பது மட்டும் அந்த மனுஷனுக்குக் கடைசிவரை வரவே இல்லை. வண்டி குலுங்கும், இருமும், நின்றுவிடும். ஒருநாள் முச்சந்தியில் நின்றுபோய், பின்னாலிருந்தவர்கள் எல்லாம் ஹாரனை அலறவிட்டபோது, "இந்த கிளட்சை எவன்டி கண்டுபிடிச்சான்?" என்று கதவை அறைந்துவிட்டு நடந்தே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அவள் அவருக்குப் பின்னாலேயே முதல் கியரில் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். பிறகு அவர் வேறொரு இடத்தில், ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும் ஓட்டலாம் என்கிற லைசென்ஸை வாங்கினார். மகன் வளர்ந்தான். "நீ கத்துவம்மா," என்று சொல்லி அவனும் அப்பா வழியிலேயே போய் அதே லைசென்ஸை வாங்கிக்கொண்டான். ஊருக்கே கிளட்ச் சொல்லிக்கொடுத்தவள் வீட்டில் கிளட்ச் மிதிக்கத் தெரிந்தவர் அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

அதனால் வீட்டுக்கு வாங்கிய முதல் காரும் ஆட்டோமேட்டிக்தான். பாதிப் பணம் அவளுடையது. "நம்ம வண்டி," என்றார் கணவர். காலையில் நம்ம வண்டியில் அவர் அலுவலகம் போனார். மாலையில் நம்ம வண்டியில் மகன் நண்பர்களைப் பார்க்கப் போனான். ஞாயிற்றுக்கிழமை நம்ம வண்டி கணவருடைய அக்காவைக் கூட்டிவரப் போனது. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற பிரேக்கம்மா பஸ்ஸில் வேலைக்குப் போனாள்.

இந்த 'நம்ம' என்கிற வார்த்தையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பேசுகிறவரையும் கேட்கிறவரையும் ஒன்றாக அணைத்துக்கொள்கிற அருமையான வார்த்தை என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவள் வீட்டில் அது ஒருவழிப்பாதை. அவள் பணம் நம்ம பணம். அவள் லீவு நாள் நம்ம லீவு நாள். கணவருடைய சாய்வு நாற்காலி மட்டும் அப்பாவோட நாற்காலி. மகனுடைய அறை மகனோட அறை. அந்த வீட்டில் 'என்னோட' என்று அவள் சொல்லிக்கொள்ள மிச்சமிருந்தது இடது முழங்கால் வலி ஒன்றுதான். நாள் பூராவும் அடுத்தவருக்காகக் கிளட்ச் மிதித்து மிதித்து வாங்கிக்கொண்ட வலி அது.

வேலைக்குப் போகும் வழியில் ஒரு கார் விற்பனைக் கூடம் இருந்தது. பஸ் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் அந்த வண்டியைப் பார்ப்பாள். இரண்டே கதவு. தரையோடு ஒட்டிய உயரம். பின்னால் உட்கார இடம் என்று பெயருக்கு ஏதோ இருந்தது, அதில் ஒரு கைப்பையை உட்காரவைக்கலாம். குடும்பத்துக்கு உதவாத வண்டி. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஒரு லீவு நாளில், யாரிடமும் சொல்லாமல், இறங்கி உள்ளே போனாள்.

கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளன் முதலில், "சார் வரலையா மேடம்?" என்று கேட்டான். "சாருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். அவன் சாவியை எடுத்துக்கொண்டு வந்தான்.

ஆட்டோமேட்டிக்கை முதலில் ஓட்டினாள். மிதித்தால் பறந்தது. கியர் எப்போது மாறியது என்றே தெரியவில்லை. நெரிசலில் இடது கால் வேலையில்லாமல் நீட்டிக்கொண்டு கிடந்தது, முழங்காலுக்குச் சொர்க்கம். குறை சொல்ல ஒன்றுமே இல்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு கியர் வண்டியை எடுத்தாள். கிளட்ச் கனமாக இருந்தது, முழங்காலில் சுருக்கென்று குத்தியது. ஆனால் வெளிவட்டச் சாலையில் மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குத் தள்ளியபோது அந்தக் குட்டை லீவர் சட்டென்று போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது, இன்ஜின் குரல் மாறியது, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பயிற்சி வண்டி முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்ந்தே காலத்தைத் தள்ளுகிற வண்டி. நான்காவது கியரை அவள் தன் கையால் போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

விற்பனையாளன் இருக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே சொன்னான். "மேடம், உண்மையைச் சொல்லணும்னா ஆட்டோமேட்டிக்தான் இதைவிட வேகம். நம்ம கை மாத்துறதுக்குள்ள அது மாத்தி முடிச்சிருக்கும். ஸ்டீயரிங் பின்னாடி ரெண்டு காது மாதிரி இருக்கு பாருங்க, ஆசையா இருந்தா அதைத் தட்டி நீங்களே மாத்திக்கலாம்."

"நான் தட்டலேன்னா?"

"அதுவே பாத்து மாத்திடும், மேடம்."

"அப்போ கேட்டுக்கிற மாதிரி நடிக்குது. எங்க வீட்டுல அப்படி ரெண்டு பேர் இருக்காங்க, போதும். எனக்குக் கியர் வண்டி எழுதிக்கோ."

அன்றைக்கே முன்பணம் கட்டினாள். வீட்டில் சொன்னபோது கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் அப்படிக் கழற்றினால் அன்பாகப் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

"உன் முட்டிய யோசிச்சியா? டாக்டர் என்ன சொன்னார்? உனக்காகத்தான் சொல்றேன்."

"யோசிச்சுதான் கட்டினேன்."

"இந்தக் காலத்துல யாரும்மா கியர் வண்டி வாங்குறாங்க?" என்றான் மகன், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல். "வேலைக்குப் போயும் கிளட்சு, வீட்டுக்கு வந்தும் கிளட்சா?"

அவள் பதில் சொல்லத் தடுமாறினாள். வண்டி கைக்கு அடங்கும் என்றாள். சறுக்கலில் நம்பிக்கையாக இருக்கும் என்றாள். பழுது செலவு குறைவு என்றாள். எல்லாம் உண்மைதான், ஆனால் எதுவுமே காரணம் இல்லை. அது என்ன காரணம் என்று அவளுக்கே அப்போது பிடிபடவில்லை. கடைசியில் கணவர், "சரி, உன் இஷ்டம்," என்றார்.

உன் இஷ்டம்! இதைக் கேட்டு ஏமாந்த பெண்களை வரிசையாக நிற்கவைத்தால் தெரு கொள்ளாது. இஷ்டம் உன்னுடையது, முடிவு என்னுடையது என்பதைத்தான் அந்த மனுஷன் அப்படிச் சுருக்கிச் சொன்னார். அவளும் சம்மதித்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் போனது. பிரேக்கம்மா ஒரு நர்ஸுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கிற பாடம். நல்ல பெண், ஆனால் கிளட்சை விடச் சொன்னால் கண்ணையும் சேர்த்து மூடிக்கொள்வாள். பாடத்தின்போது பிரேக்கம்மா கைப்பேசியைத் தொடமாட்டாள், அது அவள் போட்ட சட்டம். அன்றைக்கு விற்பனைக் கூடத்தின் எண்ணைப் பார்த்ததும் சட்டத்தை மீறினாள்.

"மேடம், நல்ல சேதி! உங்க ஆட்டோமேட்டிக் வண்டி வந்தாச்சு."

"நான் ஆட்டோமேட்டிக் கேக்கலையே."

"சார் போன் பண்ணி மாத்தச் சொன்னாரே, மேடம். உங்களுக்குக் கால் வலின்னு. நீங்க கூச்சப்பட்டுட்டு சொல்லலேன்னு சொன்னார்."

பிரேக்கம்மாவின் இரண்டு கால்களும் ஒன்றாக மிதித்தன. மேட்டில் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்த வண்டி முக்கிக்கொண்டு நின்றது. பின்னால் வந்த பால் வண்டிக்காரன் தலையை வெளியே நீட்டி வாய்க்கு வந்தபடி திட்டினான்.

"இப்ப நான் என்னக்கா தப்பு பண்ணேன்?" நர்ஸுக்கு அழுகை வந்துவிட்டது. "இந்தத் தடவை சரியாத்தானே எடுத்தேன்!"

"நீ சரியாத்தான் எடுத்தே. நான்தான் மிதிச்சேன்." கைப்பேசியை மடியில் எறிந்தாள். "கூச்சமாம்! எனக்குக் கூச்சமாம்! நீ எடு வண்டிய. பின்னால கத்துறவன் கத்தட்டும்."

அன்று மாலை வீட்டுக் கதவைத் திறந்தபோதே அவள் முகத்தைப் பார்த்துக் கணவருக்குப் புரிந்திருக்க வேண்டும். வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் நேராகக் கூடத்துக்கு வந்து நின்றாள். மகன் சாப்பாட்டு மேசையில் இருந்தான்.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"மெதுவா பேசு. உன் நல்லதுக்குத்தானே..."

"யாரைக் கேட்டு?"

"கேட்டா நீ ஒத்துக்கமாட்டே. நாளைக்கு முட்டியப் பிடிச்சுட்டு உக்காரப்போறது நீ. அப்போ ஆஸ்பத்திரிக்கு அலையப்போறது யாரு?"

"இத்தனை வருஷமா இந்த முட்டியோட பஸ் ஏறி இறங்கினேனே, அப்போ எங்க போச்சு இந்த அக்கறை? நம்ம வண்டி வாசல்ல நிக்குது, ஒருநாள் எடுத்துட்டுப் போன்னு சாவிய நீட்டினீங்களா? கிளட்ச் இல்லாத வண்டிதானே அது! அதை ஓட்டினா என் முட்டிக்கு நல்லதுன்னு அப்போ எந்த டாக்டரும் சொல்லலையா?"

கணவர் கண்ணாடியைக் கழற்றப் போனார். அப்போதுதான் மகன் சமாதானம் பேச வந்தான். நல்ல எண்ணத்தில்தான் வந்தான், பாவம். ஆனால் பூசி மெழுகப் போய் உள்ளதைக் கக்கிவிட்டான்.

"கோபப்படாதம்மா. கொஞ்சம் பிராக்டிகலா யோசி. கியர் வண்டின்னா உன்னைத் தவிர யாருமே எடுக்க முடியாது. இதுன்னா ஒரு அவசரத்துக்கு நானோ அப்பாவோ எடுத்துக்கலாம்ல? நீ வேலைக்குப் போனப்புறம் சும்மாதானே நிக்கும்."

அவள் மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள். விற்பனைக் கூடத்தில் சொல்லத் தெரியாத காரணம், கணவர் கேட்டபோது வாயில் வராத காரணம், இதோ சாப்பாட்டு மேசையில் மகன் எடுத்துப் பரிமாறிவிட்டான். உன்னைத் தவிர யாருமே எடுக்க முடியாது.

"நான் வேலைக்குப் போனப்புறம் அது ஏன்டா வீட்டுல நிக்கும்?" என்று கேட்டாள். "நான் எதுல வேலைக்குப் போவேன்?"

அம்மா பஸ்ஸில்தான் போவாள் என்று அவன் யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமலே அவன் மனசில் அவள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். அதுதான் அவளை அறைந்தது. ஆத்திரத்தில் அழுகை வந்தது, அழுகை வந்ததே என்று இன்னும் ஆத்திரம் வந்தது. இரவு அவரவர் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் விற்பனைக் கூடத்துக்கு மூவருமாகத்தான் போனார்கள். நம்ம வண்டியில். நேரில் ஆட்டோமேட்டிக்கைப் பார்த்தால் மனசு மாறும் என்று கணவர் ஒரு கணக்குப் போட்டிருந்தார். வண்டி வாசலிலேயே நின்றது, துடைத்துப் பளபளவென்று. விற்பனையாளன் ஓடி வந்து, சாவியை எடுத்து, கணவரிடம் நீட்டினான்.

"வாழ்த்துகள் சார். உங்க வண்டி."

கணவர் அதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார். பழக்கதோஷம். அவர் விரல்கள் சாவியை மூடின. "நம்ம வண்டி எப்படி இருக்கு பாத்தியா?" என்றார் அவளைப் பார்த்து, ஆசையாக.

"நம்ம வண்டி இல்ல," என்றாள் பிரேக்கம்மா.

நடுச்சாலையில் ஆயிரம் பேரைத் திட்டிய குரல் அது. கூடத்தின் அந்தக் கோடியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

"தம்பி, முன்பணம் கட்டினது யாரு?"

"நீங்கதான் மேடம்."

"ஓட்டிப் பாத்தது யாரு?"

"நீங்கதான்."

"அப்புறம் எவனோ போன்ல சொன்னான்னு எப்படி மாத்துவே?"

"எவனோவா?" கணவர் முகம் சிவந்தது. "பத்துப் பேர் பாக்குறாங்க."

"பாக்கட்டும். முட்டி வலி எனக்குன்னு ஊரெல்லாம் சொன்னீங்கல்ல, இதையும் கேக்கட்டும். எனக்கு ஆட்டோமேட்டிக் பிடிக்கும். நல்ல வண்டி. வேகமான வண்டி. என் முட்டிக்கும் அதுதான் நல்லது. ஆனா அதை வாங்கினா நாளைக்கு நீங்க எடுப்பீங்க, நாளன்னிக்கு இவன் எடுப்பான், அடுத்த வாரம் உங்க அக்கா ஏறி உக்காருவாங்க. நான் பஸ் ஸ்டாப்புல நிப்பேன். எனக்குக் கியர் வண்டிதான் வேணும். ஏன் தெரியுமா? உங்க ரெண்டு பேராலயும் அதை வாசல்ல இருந்து தெருமுனை வரைக்கும்கூட ஓட்ட முடியாது. அதுக்காகத்தான். வேற ஒரு காரணமும் இல்ல."

மகன் தரையைப் பார்த்தான். கணவர் விரல்களை விரித்து, சாவியை வரவேற்பு மேசையில் வைத்தார். அவள் அதை எடுத்து விற்பனையாளனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

கியர் வண்டி வர நாளாகும் என்றான் அவன். காத்திருக்கிறேன் என்றாள்.

காத்திருந்த நாளெல்லாம் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நாத்தனார் போன் செய்து, "குடும்பம்னா விட்டுக்கொடுத்துத்தானே போகணும்மா?" என்றாள். "ஆமா அண்ணி, இத்தனை வருஷமா குடுத்தேன், இப்ப தீந்துபோச்சு," என்று சொல்லிவிட்டு வைத்தாள். கோபம் ஆறிவிடும் என்று கணவர் பொறுமையாக இருந்தார். ஆறவில்லை. ஒன்றைத் தோண்டினால் இன்னொன்று வந்தது. மறந்துபோனதாக நினைத்ததெல்லாம் வரிசையில் நின்றது. சில இரவுகளில் அவளுக்கே தன்னைப் பார்த்துப் பயமாக இருந்தது.

வண்டி வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, தனியாக எடுத்துக்கொண்டு போனாள். நெரிசலில் மிதித்து, விட்டு, மிதித்து, விட்டு ஊரைத் தாண்டுவதற்குள் முழங்கால் தீயாக எரிந்தது. வெளிவட்டச் சாலையில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நான்காவதிலும் ஐந்தாவதிலும் போய்க்கொண்டே, கணவரைத் திட்டினாள், மகனைத் திட்டினாள், நாத்தனாரைத் திட்டினாள், வாயை மூடிக்கொண்டிருந்த தன்னையும் விட்டுவைக்கவில்லை. தொண்டை கட்டும்வரை திட்டினாள். பிறகு திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோய், சும்மா ஓட்டினாள்.

அவள் திரும்பி வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. வாசலில் வண்டியை அணைத்தவள், உடனே இறங்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு தாழ்வான வண்டியிலிருந்து அந்த முட்டியோடு எழுந்திருப்பது லேசு இல்லை. கணவர் படியிறங்கி வந்து பக்கத்தில் நின்றார். கை கொடுக்கட்டுமா என்பதுபோல் பாதி நீட்டினார்.

"வலிக்குதா?"

"வலிக்குது. நல்லா வலிக்குது."

நான் அப்போதே சொன்னேன் என்பது அவர் உதடுவரைக்கும் வந்ததை அவள் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார். மென்று விழுங்கினார்.

"இவ்வளவு நேரம் எங்க போயிருந்தே?"

சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சாலையோரத்தில் ஒரு பெட்டிக்கடையில் நிறுத்தி, வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு ஒரு டீ குடித்தாள். அவ்வளவுதான். வாய் தானாகச் சொல்லப் பார்த்தது. எங்கே போனாய் என்று கேட்டால் உடனே ஒப்பிக்கிற வாய் அது, கல்யாணமான நாளிலிருந்து பழகிய வாய்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு, வலது காலில் பாரத்தைப் போட்டு, தானாகவே எழுந்து நின்றாள்.

"சொல்ல மாட்டேன்," என்றாள்.